புதுப்பிப்பு: பயாப்ஸி முடிவு வந்துவிட்டது

குடல் புற்றுநோயாக இருக்குமோ என்று பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவுக்குக் காத்திருந்தபோது, யாரிடம் மனம்விட்டுப் பேசுவது என்று இங்கே கேட்டிருந்தேன்; பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ராத்திரி தூக்கம் வராமல் தவித்தபோது கைகொடுத்தது நீங்கள் சொன்ன 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். கட்டணமில்லை, தமிழிலேயே பேசினார்கள், நான் அழுது முடிக்கும்வரை அவசரப்படுத்தவில்லை. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று நீங்கள் சொன்னதும் சரிதான், டாக்டர் சொன்னதில் பாதி என் காதில் ஏறவில்லை, கூட வந்த அக்காதான் எழுதிக்கொண்டாள். எதிர்பாராதது: வீட்டில் சொன்னதும் கடலூர் மாமா தனக்கும் முன்பு பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சிறு கட்டி) எடுத்திருப்பதாகச் சொன்னார், இத்தனை நாள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை! குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முடிவு அடினோமா என்ற ஒருவகைப் பாலிப், புற்றுநோய் இல்லை. குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்த்த கொலனோஸ்கோப்பியிலேயே முழுதாக எடுத்துவிட்டார்கள். விட்டுவைத்தால் பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் புதிதாக வந்திருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். அக்காவும் பரிசோதித்துக்கொள்ளப் போகிறாள்.