வாரச் சமையல் திட்டம்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில், மாமியாரையும் சேர்த்து, ஐந்து பேர். உணவுப் பொருள்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வரும் இந்த ஊரில் விலையேற்றத்தை நம்மால் தடுக்க முடியாது. 2024 ஜனவரி முதல் பொருள், சேவை வரியும் 9 விழுக்காடாகிவிட்டது. ஆனால், வாங்கியதை வீணாக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை குளிர்பதனப் பெட்டியைத் துடைத்தபோது, தேக்கா சந்தையில் வாங்கிய கொத்தமல்லிக்கட்டு பைக்குள்ளேயே கறுத்து நீர்விட்டுக் கிடந்தது. அதன் பின்னால் வாடிய முருங்கைக்காய்கள், ஒரு டப்பா பழைய சாம்பார். மனம் மிகவும் வேதனைப்பட்டது.

ஞாயிறன்று அரைக்கும் மாவு முதலில் இட்லி, பிறகு தோசை, புளித்ததும் ஊத்தப்பம் என வீணாகாமல் தீர்ந்துவிடுகிறது. மதிய, இரவுச் சமையலுக்குத்தான் திட்டம் நிற்பதில்லை. கணவருக்கு வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் துணைப்பாட வகுப்பு முடிந்து உணவங்காடியிலேயே சாப்பிட்டுவிட்டு வரும் நாள்களில், ஐவருக்கு வைத்த குழம்பு அப்படியே மிஞ்சுகிறது.

எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று உறுதியாகத் தெரியாத வீட்டில் நீங்கள் எப்படி அளவு வைக்கிறீர்கள்? வேகவைத்த பருப்பையும் அரைத்த தேங்காய் மசாலாவையும் சிறு பங்குகளாக உறையவைத்துப் பயன்படுத்துபவர்கள், சுவை மாறுகிறதா என்று சொல்ல முடியுமா? கீரையை முதல் இரண்டு நாள்களிலும் பூசணி, சேனையை வாரக் கடைசியிலும் சமைப்பது போன்ற உங்கள் வீட்டு வரிசையையும், அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளில் பேரங்காடிக்கானவற்றைக் கொண்டு எதை வாங்கி வைக்கிறீர்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.