பெரியவீடு – மார்ச் 2, 2025 சாந்தி (வயசு நிறைவு விசேஷம்) – சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்

உமையாள் ஆச்சி: திங்கக்கிழம காலப் பலகாரத்துக்கு எத்தன பேரு இருப்பீக? சமையக்காரரு நேத்துலேந்து கேக்குறாரு

மெய்யப்பன்: நான் இருக்கேன். 5.30க்கு ஆஸ்கர் விருது விழா இருக்கு ஆச்சி, டிவிய வளவுக்கு, நடு முற்றத்துக்குத் தூக்கிருவோம்

லெட்சுமணன்: வளவுல நெட்டு எடுக்காது. வாசப்பக்கம் முகப்புல போடுவோம்

சிகப்பி: நாங்க 3 பேரு. மெய்யா, சிறந்த படத்துக்கு உன் ஓட்டு எதுக்கு

மெய்யப்பன்: தி புருட்டலிஸ்ட்தான்

லெட்சுமணன்: மூணரை மணி நேரம். அதுக்குள்ள சாந்தியே முடிஞ்சிரும்

மெய்யப்பன்: நடுவுல 15 நிமிசம் இன்டர்வெல் இருக்குண்ணே. கட்டடம் கட்டுறவன் கத, கல்லு பாக்க இத்தாலிக்கு கராரா வரைக்கும் போறாங்க, எனக்கு நம்ம வீட்டுப் பட்டாலைத் தரை மார்பிள்தான் ஞாபகம் வந்துச்சு

உமையாள் ஆச்சி: ஞாபகம் வந்தா ரெண்டாங்கட்டு ஓடு மாத்துன பங்குக் காச அனுப்பு

மெய்யப்பன்: அனுப்புறேன்னேன்ல

உமையாள் ஆச்சி: அது போன தையில

சொர்ணம்: அனோரா!!

உமையாள் ஆச்சி: என்ன கத அது

சொர்ணம்: பெரிய பணக்கார வீட்டுப் பையன் வீட்டுக்குத் தெரியாமக் கட்டிக்கிறான், அப்பன் ஆத்தா ஆளனுப்பிப் பிரிக்கிறாங்க

சிகப்பி: அத மட்டும் முகப்புல போட்றாதீக

லெட்சுமணன்: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

உமையாள் ஆச்சி: நான் படிச்சிட்டேன் லெச்சுமணா. சித்தப்பாவும் குரூப்புல இருக்காக

வள்ளியப்பண்ணே: எல்லாரும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, சிறந்த படத்துக்கு மட்டும் ஓட்டு முறையே வேற. 10 படத்தையும் 1, 2, 3ன்னு வரிச போட்டுக் குடுக்கணும், எதுக்கும் பாதிக்கு மேல விழலேன்னா கடேசிப் படத்தத் தூக்கிட்டு அந்தச் சீட்டுல அடுத்ததா எழுதுன படத்துக்கு மாத்துவாங்க, ஒண்ணு பாதியத் தாண்டுற வரைக்கும் இதே வேலதான். அதான் எமிலியா பெரெஸ் 13 நாமினேஷன் வாங்கியும் தேறாதுங்குறேன், புடிச்சவனுக்கு உசுரு, மத்தவனுக்கு ஆவாது. எல்லாருக்கும் ரெண்டாவதாப் புடிச்சது கான்கிளேவ். போப்ப தேர்ந்தெடுக்க கார்டினலுங்கள, பெரிய பாதிரியாருங்கள உள்ள வச்சுப் பூட்டிருவாங்க

லெட்சுமணன்: நம்ம கோயில் கூட்டம் மாதிரி

சொர்ணம்: அங்க போப்ப தேர்ந்தெடுத்து வெள்ளைப் புகை வந்தா முடிஞ்சிரும்ணே

சிகப்பி: ஜெயிக்கிறது விடுங்க, தகுதி ஐயாம் ஸ்டில் ஹியருக்குத்தான். பிரேசில்ல 1971ல மிலிட்டரி ஆட்சியில வீட்டுக்காரர விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போறாங்க, திரும்பவே இல்ல. 5 புள்ளைகள வச்சுக்கிட்டு அந்தம்மா போட்டோக்குக் கூட எல்லாரையும் சிரிக்கச் சொல்லுது. இறந்துட்டாருன்னு சர்டிபிகேட்டு 1996ல தான் குடுத்தாங்க, நெசக் கத

மெய்யப்பன்: மெதுவாப் போகும்

சிகப்பி: உன் மூணரை மணி நேரத்த விடவா

உமையாள் ஆச்சி: ஆயாகிட்ட (பாட்டிகிட்ட) படிச்சுக் காட்டுனேன். 1942ல பர்மாவுலேந்து எங்க அப்பச்சியும்தான் (அப்பாவும்தான்) வரல, ஆத்தாளுக்கு யாரு சர்டிபிகேட்டு குடுத்தாங்குறாக. 5.30க்கு அவுகளுக்கும் நாற்காலி போடணுமாம்

சிகப்பி: ஆயாவா!

வள்ளியப்பண்ணே: அப்ப நாமளும் வரிச ஓட்டே போட்ருவோம், புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஜோடிக்கு ஒண்ணு

உமையாள் ஆச்சி: ஜோடிய எழந்த அரைப்புள்ளிக்கு உண்டான்னு ஆயா கேக்குறாக

மெய்யப்பன்: ஆயாவுக்கு ரெண்டு ஓட்டு

உமையாள் ஆச்சி: சரி பலகாரத்துக்கு 8 பேருன்னு சொல்லட்டுமா

சொர்ணம்: நான் ராத்திரியே கெளம்புறேன்

லெட்சுமணன்: இனிப்புக்குக் கும்மாயம் உண்டா