பரணில் கிடைத்த மூன்று கால் இரும்பு

மீனா: (3 படங்கள்) பரணில் ஒரு சாக்குக்குள் இது கிடந்தது. மூன்று தட்டையான இரும்புக் கால்கள், மேலே ஒரு வளையம், குறுக்கே ஓர் ஊசி. யாருக்காவது தெரிகிறதா?

செந்தில்: சின்ன நங்கூரம்.

அத்தை: பரணில் எதற்கடா நங்கூரம்?

செந்தில்: அப்படியானால் யானைக்குப் பல் பிடுங்குவது.

பெரியப்பா: மீனா, துருவைச் சுரண்டிவிடாதே. வயதைச் சொல்வது அந்தத் தோல்தான்.

மீனா: தம்பி ஏற்கெனவே ஒரு காலை உப்புத்தாளால் தேய்த்துவிட்டான் பெரியப்பா.

சிவா: பளபளப்பாக வந்தது!

பெரியப்பா: வரும், வரும். மற்ற இரண்டையாவது விட்டுவை. மீனா, கால்களின் கனம் மேலும் கீழும் ஒன்றுதானா?

மீனா: இல்லை. ஓரக் கால்கள் இரண்டும் கீழே போகப்போகத் தடிக்கின்றன. நடுக்கால் மட்டும் ஒரே சீராக இருக்கிறது.

பெரியப்பா: தேய்மானம் எங்கே?

மீனா: வளையத்தின் உச்சியில், உட்பக்கம் பள்ளமாகியிருக்கிறது. ஓரக் கால்களின் சாய்ந்த வெளிமுகத்தில் நிறையக் கீறல்கள்.

பெரியப்பா: அப்படியானால் இது கல் தூக்கி. ஆங்கிலத்தில் லூயிஸ் என்பார்கள். கல்லின் தலையில் வாய் குறுகி அடி விரிந்த குழி ஒன்று வெட்டுவார்கள். ஓரக் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பக்கத்துக்கு ஒதுக்கி, நடுக்காலை இடையில் செருகி, ஊசியால் வளையத்தோடு பூட்டுவார்கள். மேலே இழுத்தால் சாய்ந்த முகங்கள் குழியின் சுவரைக் கவ்வும். கல் கனக்கக் கனக்கப் பிடியும் இறுகும்.

அத்தை: கயிறு கட்டித் தூக்கினால் ஆகாதா?

பெரியப்பா: தூக்கலாம். ஆனால் அடுத்த கல்லோடு ஒட்டி இறக்கும்போது அடியில் மாட்டிக்கொண்ட கயிற்றை எப்படி உருவுவாய்?

செந்தில்: எத்தனை வருஷப் பழையது? நூறா, ஆயிரமா?

பெரியப்பா: வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியரும் இதே தந்திரத்தால்தான் கல் தூக்கினார்கள். செய்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஊசியில் மரை இருக்கிறதா?

மீனா: இல்லை. முனையில் ஒரு சின்ன ஆப்புதான்.

பெரியப்பா: அடடா. விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் வகுத்த 55 பாகை மரையாக இருந்தால் 1841-க்குப் பின் என்று துணிந்து சொல்லியிருப்பேன். துருவில் மரத்தின் ரேகை மாதிரி நீளவாக்கில் இழைகள் தெரிகின்றனவா?

மீனா: தேய்க்காத கால்களில் தெரிகின்றன!

பெரியப்பா: தேனிரும்பு, அடித்து உருவாக்கும் பழைய வகை இரும்பு. உள்ளே கசடு இழையிழையாக ஓடியிருக்கும். வார்ப்பிரும்பிலும் எஃகிலும் அப்படி வராது. 1856-இல் எஃகு செய்யும் பெஸ்ஸமர் முறை வந்தபின் மலிவான எஃகு மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டு என்று என் மனம் சாய்கிறது. சத்தியம் செய்ய மாட்டேன். பழைய இரும்பை எடுத்து யாரும் பின்னாளில் அடித்திருக்கலாம்.

செந்தில்: காந்தம் வைத்துப் பார்க்கலாமே?

பெரியப்பா: எல்லா இரும்பிலும் ஒட்டும், செந்தில்.

அத்தை: மீனா, தோட்டத்தில் நாம் உட்காரும் கல்லின் நடுவில் ஒரு நீளக் குழி இருக்கிறதே, குருவிகள் தண்ணீர் குடிக்கின்றனவே...

மீனா: போகிறேன்!

மீனா: (படம்) உள்ளே விரலை வளைத்துப் பார்த்தேன், அடி விரிகிறது! மூன்று கால்களும் கச்சிதமாக இறங்கிவிட்டன!

சிவா: இப்போது வெளியே வர மாட்டேன் என்கிறது.

பெரியப்பா: ஊசியைக் கழற்று. முதலில் நடுக்கால். இழுத்துக்கொண்டே இருந்தால் நாளை வரை வராது.