மறு: கோலினெர்ஜிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். நரம்பு முனை விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளோடு தொடர்புடையதைக் குறிக்கும் சொல் கோலினெர்ஜிக் (cholinergic). அந்தப் பொருளை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதம்தான் ஏற்பி. முன்பு இங்கே வந்த பரிந்துரை இது:

> கோலினெர்ஜிக் = கோலின்சார். நரம்பு, ஏற்பி, மருந்து மூன்றுக்கும் இதையே முன்னொட்டாக வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, ‘கோலின்சார்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘சார்’ எதையும் எதோடும் ஒட்டவைத்துவிடும். 1933இல் கோலினெர்ஜிக் என்ற சொல்லை உண்டாக்கிய ஆங்கிலேய உடலியலாளர் ஹென்றி டேல் அதற்கு நேர்மாறாக, ஒட்டிக் கிடந்ததைப் பிரிக்கத்தான் பார்த்தார்.

அசிட்டைல்கோலின் அவர் கைக்கு வந்தது எர்காட் பூஞ்சையின் சாற்றிலிருந்து. பிரித்தெடுத்துக் கொடுத்தவர் வேதியியலாளர் ஆர்தர் யூவின்ஸ். 1914இல் டேல் அதன் இரட்டை முகத்தைக் காட்டினார். சிறிதளவு செலுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கும். அது மஸ்கரின் என்ற காளான் நஞ்சின் வேலை. அட்ரோபின் என்ற தடுப்பு மருந்து கொடுத்து அதை அடக்கிவிட்டு அளவைக் கூட்டினால் அழுத்தம் ஏறும். அது நிக்கோட்டினின் வேலை. இவற்றை அவர் ‘செயல்கள்’ என்றாரே ஒழிய ‘ஏற்பிகள்’ என்று சொல்லவில்லை. உடலியலாளர் லாங்லி 1905இலேயே ‘ஏற்கும் பொருள்’ என்று எழுதியிருந்தும், டேலுக்கு அந்தக் கருத்தில் பெரிய பிடிப்பு இல்லை.

நரம்பு ஒரு வேதிப்பொருளை விட்டுத்தான் சேதி சொல்கிறது என்று 1921இல் ஓட்டோ லோவி தவளை இதயத்தை வைத்துக் காட்டிய சோதனை பலரும் அறிந்ததே. டேலும் லோவியும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் விவாதத்துக்கு அதைவிட முக்கியம் பூனையின் பாதம்.

பூனைக்கு உள்ளங்காலில் வியர்க்கும். அந்த வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பு உடற்கூற்றுப்படி பரிவு (sympathetic) நரம்பு, அதாவது அவசர நேரத்தில் உடலை முடுக்கும் தொகுதியைச் சேர்ந்தது. பரிவு நரம்பு என்றால் அட்ரினலின் போன்ற பொருளைத்தான் விடும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் வியர்வையை நிறுத்துவதோ, அசிட்டைல்கோலினின் வேலையை அடக்கும் அட்ரோபின்! டேலும் அவரோடு வேலை செய்த ஃபெல்ட்பெர்க்கும் பாதத்தின் இரத்தக்குழாய் வழியே திரவம் செலுத்தி, நரம்பைத் தூண்டி, வெளியே வந்ததைச் சோதித்தார்கள். அசிட்டைல்கோலின் நொடியில் சிதைந்துவிடும் என்பதால் அதைக் காக்க, சிதைவைத் தடுக்கும் எசரின் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். இருக்கிறதா என்று சொல்லும் கருவி, எசரினில் ஊறிய அட்டைப்பூச்சியின் தசை. மிக நீர்த்த அசிட்டைல்கோலினுக்கும் அது சுருங்கிவிடும். பாதத்திலிருந்து வந்த திரவத்துக்கும் சுருங்கியது.

ஆக, பெயர் பரிவு நரம்பு, விடுவது அசிட்டைல்கோலின். இத்தகைய நரம்புகளை இடத்தை வைத்துப் பெயரிடாமல், எதை விட்டு வேலை செய்கிறதோ அதை வைத்துப் பெயரிடத்தான் டேலுக்கு அந்தச் சொல் தேவைப்பட்டது. ‘எர்கான்’ கிரேக்கத்தில் வேலை. எனவே என் முன்மொழிவு: கோலின்வழி நரம்பு. ‘வழி’ என்றதும் வேலை எதனால் நடக்கிறது என்பது வந்துவிடுகிறது.

ஏற்பிக்கு இது பொருந்தாது. ஏற்பி எதையும் விடுவதில்லை, வாங்குகிறது. அதற்கு கோலினேற்பி, அதன் உள்வகைகள் மஸ்கரின் ஏற்பி, நிக்கோட்டின் ஏற்பி. முன்னது ஜி-புரதம் என்ற இடைத்தரகப் புரதத்தின் மூலம் செல்லுக்குள் சேதி அனுப்புவது. பின்னது ஐந்து துணை அலகுகள் கூடி நடுவில் அயனிக்கு வாசல் விடுவது. இரண்டுக்கும் அசிட்டைல்கோலின் பொது என்பதைத் தவிர, கட்டமைப்பில் உறவே இல்லை.

மருந்தில்தான் ‘கோலின்சார்’ உண்மையிலேயே சிக்கலாகும். அட்ரோபினை ‘எதிர்கோலின் மருந்து’ என்று எழுதினால், படிப்பவர் அது எலும்புத்தசையையும் முடக்கும் என்று நினைப்பார். வழக்கமான அளவில் அது அங்கே போய்த் தொடுவதில்லை. அங்கிருப்பது நிக்கோட்டின் ஏற்பி, அதை மறிப்பது தசையைத் தளர்த்தும் குராரே என்ற தாவர நஞ்சு. அட்ரோபினை ‘மஸ்கரின் ஏற்பித் தடுப்பி’ என்றே எழுதிவிடலாம். நீளம்தான், ஆனாலும் ஒரு நோயாளி கையில் வைத்துப் படிக்கும் மருந்துக் குறிப்பில் நீளம் ஒரு குறையில்லை.

> அப்படியானால் அட்ரினெர்ஜிக் (அட்ரினலின் போன்ற பொருளை விட்டு வேலை செய்யும் நரம்பைக் குறிக்கும் சொல்)?

அக்கா கேட்டது நியாயம், அங்கே நானும் சிக்கிக்கொள்கிறேன். டேல் இரண்டு சொல்லையும் ஒன்றாகத்தான் உண்டாக்கினார். ஆனால் அந்த நரம்புகள் பெரும்பாலும் விடுவது அட்ரினலினுக்கு நெருங்கிய நார்அட்ரினலின் என்று 1946இல் உடலியலாளர் ஃபான் ஆய்லர் காட்டினார். ‘அட்ரினலின்வழி’ என்றால் பொருள் தவறு. ‘அட்ரினல்வழி’ என்றால் சுரப்பியைச் சொல்கிறோம் என்று படித்துவிடுவார்கள். ‘நார்அட்ரினலின்வழி’ சரி, வாயில் நுழையவில்லை. வேறு யாரிடமாவது சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். கோலின்வழியை மட்டும் இப்போதைக்குப் பட்டியலில் ஏற்றிவிடலாமா?