ஒரு வரி சி புரோகிராம், 16 கேபி ஃபைல்: எங்கே குறைக்கலாம்?

வெள்ளவத்தை_சி:
உபுண்டு 64 பிட்டில் ஒரேயொரு வரி அச்சிடும் சி புரோகிராமை ஜிசிசி கம்பைலரில் கம்பைல் செய்தால் ஃபைல் ஏறக்குறைய 16 கேபி வருகுது. ஸ்ட்ரிப் செய்தாலும் (ஓடத் தேவையில்லாத பெயர்ப் பட்டியலை நீக்கினாலும்) 14 கேபி. ஸ்டாட்டிக் லிங்க் (லைப்ரரியையும் ஃபைலுக்குள்ளேயே சேர்ப்பது) என்றால் 800 கேபி அளவுக்குப் போகுது. இப்படியொரு சின்ன புரோகிராமைத்தான் 4 எம்பி ஃப்ளாஷ் உள்ள பழைய ரவுட்டரில் (ஓபன்டபிள்யூஆர்டி எனும் லினக்ஸ், மிப்ஸ் ப்ராசஸர்) போட வேணும். ஏன் இறங்குதில்லை?

பைட்கணக்கு:
உங்கட கோட் சில நூறு பைட்தான். ஃபைலை ஹெக்ஸ்டம்பில் திறந்து பாருங்கோ, பெரும்பகுதி வெறும் 00. 2018இல் வந்த பின்யூட்டில்ஸ் 2.31 (லிங்கர் அடங்கிய கருவித் தொகுப்பு) தொடக்கம், லினக்ஸ் எக்ஸ்86இல் (பிசி ப்ராசஸர்) லிங்கர், அதாவது துண்டுகளை இணைத்து ஃபைலாக்கும் கருவி, கோடையும் படிக்க மட்டுமேயான டேட்டாவையும் தனித்தனிப் பேஜில் வைக்குது. பேஜ் ஒன்று 4096 பைட். மிச்ச இடத்தைப் பூச்சியம் நிரப்புது. லிங்கரின் இசட் ஆப்ஷனில் ‘நோசெபரேட்-கோட்’ கொடுத்து ஸ்ட்ரிப்பும் செய்தால் 6 கேபி அளவுக்கு வரும். ஆனால் படிக்க மட்டுமேயான டேட்டாவும் ஓடக்கூடிய பேஜுக்குள் வந்துவிடும், பாதுகாப்பு அந்தளவுக்குக் குறையும்.

அளவைக் குறைக்கும் கம்பைலர் ஆப்ஷனான ‘-Os’ இவ்வளவு சின்னக் கோடில் ஒன்றும் செய்யாது. அது பெரிய கோடுக்குத்தான்.

கொட்டாஞ்சேனை_லிங்கர்:
மேலே சொன்னது சரி, ஆனால் அது எக்ஸ்86 கதை. பிசியில் வரும் அளவை வைத்து மிப்ஸ் ரவுட்டருக்குக் கணக்குப் போட வேண்டாம்.

ரவுட்டரில் சி லைப்ரரி (இப்போதைய ஓபன்டபிள்யூஆர்டியில் மசில்) ஏற்கெனவே இருக்கு. உங்கட ரவுட்டரின் அதே பதிப்புக்கும் அதே டார்கெட்டுக்கும் உரிய எஸ்டிகேயை (கம்பைலர் அடங்கிய கருவித் தொகுப்பு) எடுத்து, டைனமிக்காக (ரவுட்டரில் உள்ள லைப்ரரியையே ஓடும்போது பயன்படுத்தும்படி) லிங்க் செய்து ஸ்ட்ரிப் செய்யுங்கோ. சில கேபியில் முடியும். ஸ்டாட்டிக்கில் 800 கேபி வரக் காரணம் உபுண்டுவின் சி லைப்ரரியான ஜிலிப்சி: ஒரு பிரிண்ட்எஃப்பைக் கூப்பிட்டாலே லோக்கேல், எழுத்துக் குறிமுறை மாற்றம் எல்லாம் பின்னால் இழுபட்டு வரும்.

வேறு லைப்ரரியோட கட்டினதைக் கொண்டுபோனால், ஃபைல் கண்முன்னே இருக்க ‘நாட் ஃபவுண்ட்’ என்று ஷெல் சொல்லும். இல்லாதது உங்கட ஃபைல் இல்லை, அதுக்குள் எழுதியிருக்கிற லோடரின் (லைப்ரரிகளை ஏற்றும் புரோகிராமின்) பாதை.

வெள்ளவத்தை_சி:
நன்றி. எஸ்டிகேயில் கட்டிப் பார்த்தேன். உண்மையான புரோகிராமுக்கு ‘சைஸ்’ கட்டளை டேட்டா பகுதியில் 400,000 பைட்டுக்கு மேல் காட்டுது. ஸ்ட்ரிப் செய்தும் அசையவில்லை.

பைட்கணக்கு:
எங்கேயோ 100,000 இன்ட் உள்ள குளோபல் அரே இருக்கும், அதில் ஓர் உறுப்புக்காவது பூச்சியமல்லாத தொடக்கப் பெறுமதி கொடுத்திருப்பீங்கள். ஒன்று கொடுத்தாலே முழு அரேயும் ஃபைலுக்குள் எழுதப்படும். அந்தத் தொடக்கப் பெறுமதியை எடுத்துவிட்டு, அரேயை குளோபலாகவே வைத்து, பெறுமதியை மெயினுக்குள் கொடுங்கோ. அரே, பூச்சியமாகத் தொடங்கும் டேட்டாவுக்கான பிஎஸ்எஸ் பகுதிக்குப் போய்விடும், ஃபைலில் இடம் பிடிக்காது. ரேம் தேவை மாறாது.

அதோட கம்பைலருக்கு ‘ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ்’, ‘டேட்டா-செக்‌ஷன்ஸ்’ இரண்டும், லிங்கருக்கு ‘ஜிசி-செக்‌ஷன்ஸ்’சும் சேருங்கோ. கூப்பிடாத ஃபங்ஷன்கள் கழியும். மூன்றில் கடைசியை விட்டால் முதல் இரண்டாலும் பயனில்லை.