சத்துவாச்சாரி வீடு

வள்ளி: (புகைப்படம்) அம்மாவின் ஆர்க்கிட் இலையெல்லாம் தொங்கிவிட்டது. ஞாயிறு வளைகாப்புக்கு அம்மா வந்துவிடுவார். யாராவது வழி சொல்லுங்கள்.

சேகர்: தண்ணீர்?

காட்பாடி அத்தான்: ஊற்றாதே வள்ளி! ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இலை துவண்டதும் தாகம் என்றுதான் தோன்றும். வேர் அழுகினாலும் இதே கோலம்தான், உறிஞ்ச வேரே இருக்காது. தொட்டியிலிருந்து எடுத்து அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. தோல் உருவிக்கொண்டு நடுநரம்பு மட்டும் நின்றால் அழுகல்.

வள்ளி: முக்கால்வாசி கொழகொழவென்று இருக்கிறது. நடுவில் ஈரப்பாசி உருண்டை. நாற்றம் வேறு.

காட்பாடி அத்தான்: அந்தப் பாசிதான். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் போகாது.

கமலா அக்கா: அப்பா தினமும் சொம்பு சொம்பாக ஊற்றுகிறார் என்று அன்றைக்கே சொன்னேன்.

அப்பா: வாசல் மல்லிகை யார் ஊற்றி வளர்ந்தது?

காட்பாடி அத்தான்: மாமா, மல்லிகை மண்ணில் வளர்வது. இந்த ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. வேருக்குக் காற்று வேண்டும்.

அப்பா: சரி மாப்பிள்ளை.

சேகர்: மொட்டு விரிந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறார். என்ன சொல்ல?

கமலா அக்கா: நீ அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போகாதிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

சேகர்: அக்கா, மறுபடியும் அதுவா?

ப்ரியா: வளையல் வாங்கியாயிற்றா சித்தி? பச்சை அதிகம் வேண்டும்.

வள்ளி: வாங்கியாயிற்று கண்ணு.

காட்பாடி அத்தான்: வள்ளி, கவனி. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஆறவிடு. அழுகியதை மட்டும் வெட்டு. வெட்டிய வாயில் லவங்கப்பட்டைத் தூள் தொட்டு வை, நல்ல வேரில் படக் கூடாது, அதையும் உலர்த்திவிடும். ஓர் இரவு நிழலில் காயட்டும். பிறகு மரக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும். மட்டையை ஊறவைத்து உப்பை இறக்கிவிடு. மண் கூடவே கூடாது. வேர் வெள்ளிநிறமாக வெளுத்தால்தான் தண்ணீர், குருத்தில் தேங்கக் கூடாது. புது வேர் விடும் வரை உரம் வேண்டாம். மாடிக்கு எடுத்துப் போகாதே, 40 டிகிரி வெயில் பொசுக்கிவிடும். கிழக்கு ஜன்னல் போதும்.

வள்ளி: கரிக்கு எங்கே போக?

அப்பா: தெருமுனை இஸ்திரிக்காரரிடம் நான் கேட்கிறேன்.

காட்பாடி அத்தான்: இன்னொன்று. பூங்காம்பையும் நறுக்கிவிடு. இருக்கும் கொஞ்ச சத்தும் மொட்டுக்கே போய்விடும்.

கமலா அக்கா: மொட்டோடு இருக்கும் காம்பையா? வளைகாப்பு வாரத்திலா? வேண்டவே வேண்டாம்.

காட்பாடி அத்தான்: செடி பிழைக்க வேண்டுமா, பூ வேண்டுமா?

கமலா அக்கா: அம்மா ஏற்காட்டிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்த செடி. அவர் பார்த்துச் சொல்லட்டும்.

சேகர்: இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க்குச் சொல்லிவிட்டீர்களா? 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். அதுதான் வேண்டும் என்கிறார் அம்மா.

ப்ரியா: எனக்கும்!

அப்பா: சொல்லியாயிற்று. கரியும் கிடைத்தது.

வள்ளி: அழுகல் முழுவதும் வெட்டிவிட்டேன். நாலு வேர் பச்சையாக நிற்கிறது! மட்டை யார் கொண்டு வருகிறீர்கள்?

காட்பாடி அத்தான்: நாலு வேர் தாராளம். புது வேர் வர மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும். காம்பு?

கமலா அக்கா: வள்ளி, காம்பைத் தொடாதே. மட்டையோடு சாயங்காலம் நானே வருகிறேன்.

காட்பாடி அத்தான்: நானும்தான் வருகிறேன்.