விளக்கைப் போட்டதும் 12 வோல்ட் சரிகிறது: கன்வெர்ட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி (பர்கூர்):
வணக்கம். எனது 60 வோல்ட் மின் ஸ்கூட்டரில் சாவியைத் திருப்பியதும், பேட்டரியின் வோல்ட்டை விளக்குகளுக்கான 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டரின் வெளியீடு 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால் முகப்பு விளக்கைப் போட்டவுடன் அது 8 வோல்ட்டுக்கு இறங்கி, மீட்டர் திரையும் அணைந்துவிடுகிறது. தொப்பூர் கணவாயில் இரவில் இப்படி நேர்ந்ததிலிருந்து வண்டியை எடுக்கவே அச்சமாக உள்ளது.

மறுமொழி (தருமபுரி):
தம்பி, உடனே மாற்றிவிட வேண்டாம். விளக்கு எரியும்போதே கன்வெர்ட்டரின் உள்ளீட்டு முனைகளில் அளந்து பாருங்கள். அங்கேயும் வோல்ட் சரிந்தால், பேட்டரியிலிருந்து வரும் ஃபியூஸிலோ கனெக்டரிலோ துரு ஏறியிருக்கக்கூடும். உள்ளீடு நிலைத்து நின்றால், வண்டியின் விளக்கு வயர்களைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை வெளியீட்டில் நேரடியாக இணைத்துச் சோதியுங்கள். பல்பு சீராக எரிந்தால் பழுது விளக்கு வயரிங்கில், மங்கினால் கன்வெர்ட்டரில்.

பர்கூர்:
அண்ணா, உள்ளீடு 61.8 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது, பல்பு மங்குகிறது.

மறுமொழி (கிருஷ்ணகிரி):
அப்படியானால் கன்வெர்ட்டரின் வெளியீட்டுக் கெப்பாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கும் உறுப்புகள்) வற்றியிருக்க வாய்ப்பு உண்டு. பேட்டரியைக் கழற்றி, உள்ளீட்டுக் கெப்பாசிட்டரில் தங்கிய மின்னூட்டத்தை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மல்ட்டிமீட்டரில் சுழியம் கண்ட பிறகே உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தொடுங்கள். தலை உப்பியவற்றுக்குப் பதிலாக அதே மதிப்புள்ள, 105 டிகிரி செல்சியஸ் வெப்பம் தாங்கும் வகையைப் பொருத்துங்கள். உள்ளே ரெசின் ஊற்றி மூடியிருந்தால் மட்டும் புதிய கன்வெர்ட்டரே நல்லது. ரெசினைச் சுரண்டும்போது பலகையின் தடங்கள் பெயர்ந்துவிடும். மின்கார்களில் இம்முறையை முயலவே வேண்டாம். அங்கே பேட்டரி பல நூறு வோல்ட், உயிருக்கே ஆபத்து.